அத்தையின் இடது பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

கம்பெனி டாக்டர் டைரி எழுதச் சொல்லியிருக்கிறார். "மனசுல என்ன இருக்குதோ அத அப்படியே எழுதுங்க" என்றார். மனதில் இருப்பது: சமையலறைக் குழாயில் வாஷர் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மாற்ற வேண்டும்.

அத்தை உடுமலையிலிருந்து வந்திருக்கிறார். என் மனைவி சுபத்ரா போனதிலிருந்து மாதத்தில் பாதி நாள் கோயமுத்தூரில் என்னோடுதான். மாப்பிள்ளைக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம். மாமா வருவதில்லை. தேங்காய்க் களத்தை விட்டு அவர் நகர்ந்தால் தேங்காய் தானாக உருண்டு ஓடிவிடும் என்று நினைக்கிறார்.

எழுதுவதற்கு இன்னொன்றும் இருக்கிறது. அத்தை என்னிடம் நேராகப் பேச மாட்டார். மாப்பிள்ளை முன்னால் உட்காராத, மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசாத வீட்டில் வளர்ந்தவர். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் நடுவில் சுபத்ராதான். "கண்ணு, மாப்ளைக்கு இன்னொரு தோச வேணுமான்னு கேளு" என்பார். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். சுபத்ரா என்னிடம் திரும்பி, "வேணுமா?" என்பாள். "போதும்." "போதுமாம்மா." ஒரு தோசைக்கு மூன்று பேர் உழைப்போம்.

இப்போதும் அதே முறைதான். சுபத்ரா ஹால் சுவரில் மாலையோடு இருக்கிறாள். அத்தை போட்டோவைப் பார்த்து, "கண்ணு, மாப்ளைக்கு ரசம் ஊத்தட்டுமான்னு கேளு" என்கிறார். நான் போட்டோவைப் பார்த்து, "போதும்" என்கிறேன். தகவல் போய்ச் சேர்கிறது. குறை ஒன்றும் இல்லை.

ஜூன் 5, வியாழன்

அத்தை மேல்தட்டிலிருந்து குக்கரை எடுக்கக் கையைத் தூக்கியவர், "அம்மாடி" என்று இடது கையை மடக்கிக்கொண்டார்.

"என்னாச்சுன்னு கேளு" என்றேன் போட்டோவிடம்.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லு கண்ணு" என்றார் அத்தை போட்டோவிடம்.

குக்கரைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். துணி காயப்போடும் கொடியையும் இறக்கிக் கட்டினேன்.

ஜூன் 6, வெள்ளி

குழாய் சொட்டுகிறது. வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

வாஷர் மாற்றினேன். கூடவே நடந்ததை எழுதுகிறேன்.

நான் சிங்க்குக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருந்தேன். என் கால் மட்டும்தான் வெளியே. முகம் தெரியாததால் அத்தைக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். ஹாலில் அவர் குரல் கேட்டது.

"கண்ணு, எடது பக்கம் கல்லாட்டம் ஆயிருச்சு. மேல வேற ஏறி நிக்குது. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியறதில்ல."

ஸ்பேனரை நிறுத்தினேன். 'எந்த இடது பக்கம்' என்று கேட்பதற்கு முன்பே புரிந்துவிட்டது. கட்டி என்றால் என்னவாக இருக்கும் என்பதும் தோன்றியது. சிங்க்குக்கு அடியிலிருந்தே சத்தமாக, "எத்தன நாளான்னு கேளு" என்றேன்.

"மூணு மாசமா, கண்ணு."

"நாளைக்கே டாக்டர்கிட்டப் போலாம்னு சொல்லு. கட்டின்னா விட்டு வெக்கக் கூடாது."

"கட்டியில்லைன்னு சொல்லு. அது வெச்சதுதான்."

"எது வெச்சது?"

வாஷர் என் கையிலிருந்து நழுவிக் குப்பைக்கூடைக்குப் பின்னால் போனது.

"நீயே சொல்லீரு கண்ணு" என்றார் அத்தை. "என்னால முடியாது."

சுபத்ரா சொல்லவில்லை.

கடைசியில் அத்தையே கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார். இரண்டு வருடம் முன்பு, நான் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தபோது, அம்மாவும் மகளும் போய் அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷன். மாமாவிடம் கொழுப்புக் கட்டி எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடமும் அதையேதான் சொன்னாள். நான் போனில், "தையல் பிரிச்சாச்சா?" என்று அக்கறையாகக் கேட்டது நினைவுக்கு வருகிறது.

"கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து டெய்லர்கிட்ட, உள்ள கொஞ்சம் துணி வெச்சுத் தெய்யிங்கன்னு சொல்லிச் சொல்லியே கூசிப் போனேன் கண்ணு. உனக்குத் தெரியுமே. ஒரே ஒரு தடவ அளவெடுத்த மாதிரியே ஒரு ஜாக்கெட்டுப் போடோணும்னு இருந்துச்சு. நீதான சொன்ன, ஆசையா இருந்தா செஞ்சுக்கம்மா, அப்பாவுக்காகவும் இல்ல, ஊருக்காகவும் இல்லேன்னு."

"மாமாவுக்கு வித்தியாசம் தெரியலையான்னு கேளு."

"தேங்காப்பால் ஒடம்புல புடிச்சிருக்குதுன்னாரு."

என் மனைவி என்னிடம் சொல்லாத ஒரு விஷயம் இருந்திருக்கிறது. எழுதிப் பார்த்தால் கோபம் போலத் தெரிகிறது. கோபம் இல்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு அவளைப் பற்றிப் புதிதாக ஒன்று கேள்விப்பட்டேன். இனி கேள்விப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

குழாய் இப்போது சொட்டவில்லை.

ஜூன் 9, திங்கள்

ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஆபரேஷனைப் பற்றிப் படத்தோடு படித்தேன். திரையைப் பக்கத்து மேஜைக்காரர் பார்த்துவிட்டார். "ரொம்ப நாளைக்கப்பறம் மனசு கொஞ்சம் தேறியிருக்கு போல" என்று தோளில் தட்டினார். விளக்கவில்லை.

புரிந்துகொண்டது: வெளியிலிருந்து எந்தப் பொருள் உள்ளே போனாலும் உடம்பு அதைச் சுற்றி ஓர் உறை கட்டும். எல்லோருக்கும் கட்டும். சிலருக்கு அந்த உறை சுருங்கி இறுக ஆரம்பிக்கும். உள்ளே இருப்பது மெத்தென்றுதான் இருக்கும். சுற்றிப் பிடித்திருக்கும் பிடிதான் வெளியே கல்லாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் அத்தை வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, நல்லெண்ணெய் தடவி இளக்கப் பார்க்கிறார். எங்கள் பம்ப் கம்பெனியிலும் சிலர் இப்படித்தான், இறுகிய பேரிங்கைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள்.

"வேண்டாம்னு சொல்லு" என்றேன் போட்டோவிடம். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

அரை நாள் லீவு. முதலில் ஆபரேஷன் செய்தவர் வெளிநாடு போய்விட்டார். வேறு டாக்டரைக் கண்டுபிடித்தேன். பெயர் நசீமா. ஐம்பது வயதிருக்கும், வேகமாகப் பேசுகிறார்.

காரில் அத்தை பின்சீட்டில்தான் உட்கார்ந்தார். கையில் என் பழைய போன், அதன் திரையில் சுபத்ரா. சுவரைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதால் நான்தான் அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தேன்.

டாக்டர், "எப்பருந்தும்மா வலி?" என்றார். அத்தை போனைப் பார்த்து, "மூணு மாசமான்னு மாப்ளையச் சொல்லச் சொல்லு கண்ணு" என்றார். நான், "மூணு மாசமாங்க டாக்டர்" என்றேன். நாலைந்து கேள்வி இப்படியே போனது.

"போன்ல யாரு லைன்ல இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க. அது என் மனைவி" என்றேன். பிறகு அது போதாது என்று தோன்றி, "போன அக்டோபர்ல. டெங்கு" என்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார். போனுக்கு நேராகக் குனிந்து, "அம்மாவ அந்தப் பெட்ல படுக்கச் சொல்லும்மா, பாத்தர்லாம்" என்றார்.

அத்தை உடனே போய்ப் படுத்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சுவரில் இருந்த எலும்புக்கூட்டின் படத்தைக் கூர்ந்து படித்தேன்.

பார்த்துவிட்டு வந்து டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார். உறை நன்றாக இறுகிவிட்டது. இந்த நிலையில் எண்ணெயும் கேட்காது, மாத்திரையும் கேட்காது. உள்ளே ஏதும் கிழிந்திருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும். பிறகு வழி இரண்டு. ஒன்று, இறுகிய உறையை எடுத்துவிட்டு, புதியதைத் தசைக்கு அடியில் வைப்பது. இன்னொன்று, இரண்டு பக்கமும் எடுத்துவிட்டு, தொய்வைத் தூக்கித் தைப்பது.

"புதுசு வெச்சா மறுபடி இறுகாதுங்களா?"

"இறுகாதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. தசைக்கு அடியில வெச்சா வாய்ப்பு கொறையும்."

"இப்ப இருக்கறது லீக் ஆகியிருந்தா வெளிய தெரியுங்களா? அது எவ்வளவு டெஸ்ட் பிரஷர் தாங்கும்?"

"நீங்க என்ன வேல பாக்கறீங்க?"

"பம்ப் கம்பெனிங்க. குவாலிட்டி."

"அதான பாத்தேன்."

"யாரு பண்ணுன தப்புன்னு கேளு கண்ணு" என்றார் அத்தை போனிடம்.

"யாரு தப்பும் இல்லம்மா. சில ஒடம்பு அப்படி. நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல."

அத்தை அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "ரெண்டையும் எடுத்துரச் சொல்லு கண்ணு. பெத்த பொண்ணப் பறிகுடுத்தவளுக்கு இது ஒரு கேடா? பாக்கறவங்க காறித் துப்ப மாட்டாங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எலும்புக்கூட்டைப் பார்த்தேன்.

ஜூன் 13, வெள்ளி

ஸ்கேன் முடிந்தது. இரண்டு பக்கமும் கசிவு இல்லை.

அத்தை முடிவாக இருக்கிறார். ஆபரேஷன் வியாழக்கிழமை, இரண்டையும் எடுத்துவிடுவது. ஏற்கெனவே பூ வைப்பதில்லை, கலர்ப் புடவை கட்டுவதில்லை, டிவி பார்ப்பதில்லை. அந்தப் பட்டியலில் இதுவும் சேர்கிறது. இது என் துறை இல்லை.

ஆபீஸில் மேனேஜர் புனே வேலையைப் பற்றி மறுபடி கேட்டார். இரண்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த வேலைதான். "எனக்கு இனி எதுக்குங்க சார்" என்றேன். வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொன்னார்.

ஜூன் 16, திங்கள்

ஆஸ்பத்திரியில் பதிவு செய்தேன். அவசரத் தொடர்புக்கு இரண்டு எண் கேட்டார்கள். முதலாவது என்னுடையது. இரண்டாவதற்கு மாமாவின் எண்ணை எழுதினேன். எந்த அமைப்பிலும் ஒன்று பழுதானால் இயங்குவதற்கு இன்னொன்று இருக்க வேண்டும். இது அடிப்படை.

மாலையில் மாமா கூப்பிட்டார். "மாப்ள, சாப்பிட்டீங்களா? அவ எங்க? போனை எடுக்க மாட்டேங்கறா."

"கோயிலுக்குப் போயிருக்காங்க மாமா."

"போகட்டும் போகட்டும். நீங்க தனியாக் கெடக்கக் கூடாதுன்னுதான் அவள அனுப்பி வெச்சிருக்கறேன். அவ உங்களப் பாத்துக்குவா."

"நல்லாப் பாத்துக்கறாங்க மாமா."

அத்தை பக்கத்து அறையில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 19, வியாழன்

இன்று நடந்தது நிறைய. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அத்தையைப் பச்சை அங்கியில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே டாக்டர் போட்ட பேனாக் கோடுகளின் நுனி தெரிந்தது. ஆபரேஷன் அறை வாசலில் சிஸ்டர் கையை நீட்டினார். "போன் உள்ள வரக் கூடாதும்மா. குடுங்க."

அத்தை போனைக் கொடுத்துவிட்டார்.

"ரெண்டையும் எடுத்தர்றதுதானம்மா? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

அத்தை பேனாவை வாங்கினார். போடவில்லை. சுவரில் யாராவது இருக்கிறார்களா என்று தேடினார். தீ விபத்து நேர்ந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்ற படம்தான் இருந்தது. பிறகு தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

"மாப்ள."

எனக்குப் பின்னால் யார் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"மாப்ள, உங்களத்தான். நீங்க என்ன சொல்றீங்க?"

அத்தையின் கண் எந்த நிறம் என்று இன்றுதான் பார்த்தேன். சுபத்ராவுடையதேதான், அந்த வெளிறிய பழுப்பு.

"எனக்குத் தெரிஞ்சது பம்ப்தாங்க அத்தை" என்றேன். "இறுகிப் போச்சுன்னா இறுகுன எடத்தச் சரி பண்ணுவோம். அதுக்காக இனிமே தண்ணியே எதுக்குன்னு கெணத்த மூட மாட்டோம்."

அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று புரிந்தது.

"நீங்க ஆசப்பட்டு வெச்சுக்கிட்டதுங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்."

எந்த மருமகனும் மாமியாரிடம் சொல்ல நேரும் என்று ஒத்திகை பார்த்து வைக்காத வாக்கியம் இது. சிஸ்டர் விட்டத்தை ஆராய்ந்தார்.

"பொண்ணு போயி வருசம் திரும்புல, இவளுக்கு என்ன கேக்குதுன்னு நெனைக்க மாட்டீங்களே?"

"மாட்டேனுங்க."

"அவரு?"

"மாமாகிட்ட நான் பேசிக்கறேனுங்க." அடுத்த வருடம் போல, ஏதாவது ஒரு நல்ல நாளில், என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன்.

அத்தை படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அப்ப மாத்தியே வெக்கச் சொல்லுங்க மாப்ள." சிஸ்டர் நாற்காலியைத் திருப்பும்போது, "பழைய அளவே போதும்னு சொல்லீருங்க. பெருசா வேண்டாம்" என்றார்.

அதையும் நான்தான் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் நசீமா புதுப் படிவத்தோடு வெளியே வந்தார். "ரெண்டுக்கும் தயாராத்தான் இருந்தேன். இந்த வாசல்ல வந்து மனசு மாறுற ஆளுங்கள நெறையப் பாத்திருக்கேன்" என்றார்.

அத்தை கையெழுத்துப் போட்டார். கதவு மூடியது. நான் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து, இன்னொரு காபி குடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் படிக்கட்டில் மாமா வந்தார்.

களத்தில் நின்ற கோலத்தில் வந்திருந்தார். மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் தேங்காய் நார் ஒட்டிய துண்டு. கார் சாவி கையில் ஆடிக்கொண்டிருந்தது. என் தோளைப் பிடித்தார்.

"எத்தன சதவீதம் மாப்ள?"

"என்னங்க மாமா?"

"தீக்காயம்! எத்தன சதவீதம்? மூஞ்சி தப்பிச்சுதா?"

எனக்குப் புரியவில்லை. போனை நீட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து தானாகப் போன செய்தி: 'உங்கள் உறவினர் வசந்தாமணி ஆபரேஷன் அறைக்குள் அழைத்துச் செல்லப்பட்டார். பிரிவு: பிளாஸ்டிக் சர்ஜரி.' இரண்டாவது எண்ணுக்கும் அனுப்புவார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அமைப்பு சரியாக வேலை செய்திருக்கிறது.

"கேஸ் வெடிச்சிருச்சா? நான் அப்பவே சொன்னேன், அந்த டியூப்ப மாத்துங்கன்னு. உசுரு இருக்குதா, அத மட்டும் சொல்லுங்க மாப்ள."

"தீக்காயம் இல்லீங்க மாமா. உசுருக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்லீங்க."

"நெசமாவா?"

அவரை உட்கார வைத்தேன். நல்ல நாள் இதுதான் போல என்று சொல்ல ஆரம்பித்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்து, அவர் துண்டை அதைச் சுற்றி முறுக்கி, இது உள்ளே வைத்தது, இது உறை, இப்படி இறுகும், இதை எடுத்துவிட்டு இந்த இடத்தில் புதியது, என்று விளக்கினேன். கொப்பரை விலை கேட்பது போல முழுக் கவனத்தோடு கேட்டார்.

"அப்ப அது கொழுப்புக் கட்டி இல்லியா?"

"இல்லீங்க."

"கட்டி மறுபடி வரக் கூடாதுன்னு பழனிக்குப் போயி மொட்டை போட்டனே மாப்ள!" தலையைத் தடவிக்கொண்டார். "ரெண்டு தடவ போட்டேன்."

"முருகன் கட்டி வராமத்தான் பாத்துக்கிட்டாருங்க மாமா."

"தேங்காப்பால்னு நெனச்சேன்" என்றார் தனக்குள்ளேயே. "ஊரெல்லாம் சொன்னேன், எங்க காட்டுத் தேங்கா அப்படின்னு."

டாக்டர் வெளியே வந்து எல்லாம் நன்றாக முடிந்தது என்றார். உறையை எடுத்தாயிற்று, புதியது தசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டது. நீர் வடிய சில நாள் குழாய் இருக்கும், கனமான எதையும் தூக்கக் கூடாது. மாமா எழுந்து நின்று கைகூப்பினார். பிறகு கூச்சத்தோடு, "நல்லா வந்திருக்குதுங்களா?" என்றார்.

"நல்லா வந்திருக்குங்க" என்றார் டாக்டர்.

மயக்கம் தெளிந்ததும் மாமா மட்டும் உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லுல?"

"சொன்னா உட்டிருப்பீங்களா?"

"உட்டிருக்க மாட்டேன்."

"அப்பறம் என்ன? திட்டறதுன்னா இப்பவே திட்டிப்போடுங்க. மயக்கத்துல பாதிதான் காதுல ஏறும்."

"உடுமலையில இருந்து வர்ற வழியெல்லாம் நீயும் போயிட்டேன்னே நெனச்சுட்டு வந்தேன் வசந்தா. வண்டிய எப்படி ஓட்டுனேன்னே தெரீல." மூக்கைச் சிந்தும் சத்தம். "நீ இருக்கற. அது போதும். என்ன வேணா வெச்சுக்க."

நான் நடைபாதையின் கடைசி வரை நடந்தேன். அங்கே ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னல் வழியாகத் தண்ணீர் டேங்க் தெரிந்தது. டேங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் சட்டைக் காலர் நனைந்திருப்பதைக் கவனித்தேன். பிறகு சட்டையின் முன்பக்கமும். பிறகு ஒரு சத்தம் கேட்டது. யாரோ கனமான மேஜையைத் தரையில் இழுப்பது போன்ற சத்தம். அது என்னிடமிருந்து வந்துகொண்டிருந்தது. நிறுத்தத் தெரியவில்லை.

சிஸ்டர் ஓடி வந்தார். "சார், சார், என்ன சார்? ஆபரேஷன் நல்லா முடிஞ்சிருச்சு சார். அவங்க உங்களுக்கு என்ன வேணும்? அம்மாவா?"

"மாமியாரு" என்றேன்.

சிஸ்டர் வாயில் கையை வைத்துக்கொண்டார். இன்னொரு சிஸ்டர் வந்தார். கூட்டிப் பெருக்கும் அம்மா துடைப்பத்தோடு வந்து நின்றார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். "மாமியாருக்காம்" என்று முதல் சிஸ்டர் சொல்வது கேட்டது. அந்தச் சத்தம் என்னிடமிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் வந்தது.

ஜூன் 20, வெள்ளி

வார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர் அறை அம்மா தன் மருமகனைக் கூப்பிட்டு, "பாத்துக்கங்க, இவருதான்" என்று என்னைக் காட்டினார். அந்த மருமகன் என்னை முறைத்தார். மாமா கேன்டீனில் டீ வாங்குகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "எம் பொண்ணு பாத்துக் கட்டுன மாப்ளைங்க. அவ பாத்தது ஒண்ணும் சோடை போகாது."

மத்தியானம் அத்தை கூப்பிட்டு அனுப்பினார். போனேன். தலையணையில் சாய்ந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"மாப்ள, எனக்காவா அப்படி அழுதீங்க?"

"ஆமாங்க அத்தை."

அத்தை என்னை நேராகப் பார்த்தார்.

"செரி" என்றார். "எனக்காகன்னே இருக்கட்டும்."